கடைசிச் சொல் கிடைக்காத பெண்

பள்ளி விளையாட்டரங்கில் காலையிலேயே எல்லோரையும் கூட்டியிருக்கிறார்கள். முந்தின இரவு பட்டாசு வெடித்ததற்கான விசாரணை என்று மைல்ஸ் நினைத்துக்கொண்டிருக்கிறான். எல்லோரும் வந்தாயிற்றா என்று மாணவர் பொறுப்பாளர் கேட்கிறார். இல்லை, அலாஸ்கா வரவில்லை என்கிறான். அவர் தலை குனிகிறது. மற்ற எல்லோரும் வந்தாயிற்றா என்று கேட்கிறார். அலாஸ்கா வரவில்லையே என்று அவன் விடாமல் சொல்கிறான். அந்த இரண்டாவது கேள்வியிலேயே நமக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. மைல்ஸுக்குப் புரிய இன்னும் சில வரிகள் ஆகின்றன. வாசகர் அறிந்து, கதைசொல்லி அறியாத அந்தச் சில வரிகளை ஜான் கிரீன் எழுதியிருக்கும் விதத்துக்காகவே இந்த நாவலை நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

அதே கிரீன், அதே நாவலின் கடைசிப் பக்கங்களில், தானே அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த உண்மையிலிருந்து பின்வாங்குகிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’வை எங்கே வைப்பது என்பதுதான் என்னைப் பல நாளாகத் தொந்தரவு செய்யும் கேள்வி.

இது கிரீனின் முதல் நாவல். 2005இல் வந்தது. 2006இல் பதின்பருவத்தினருக்கான நூல்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருதைப் பெற்றது. அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 2012இல் வந்த ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’. ஆனால் அவருடைய எழுத்தின் எல்லா நரம்பும் இந்த முதல் நூலிலேயே ஓடுகிறது. அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாமுக்கு அருகே ஓர் உறைவிடப் பள்ளியில் படித்தவர் அவர். கல்லூரி முடித்ததும் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சில மாதங்கள் பயிற்சிப் போதகராக இருந்தார். சாகும் குழந்தைகளின் படுக்கை அருகிலும், அவர்களுடைய பெற்றோரின் அருகிலும் உட்கார்ந்திருக்கும் வேலை அது. நாவலின் மண் அந்தப் பள்ளியிலிருந்து வந்தது. நாவலை அரிக்கும் கேள்வி அந்த மருத்துவமனையிலிருந்து வந்ததாகவே எனக்குப் படுகிறது.

கதை சிக்கலானதில்லை. ஃபுளோரிடாவில் நண்பர்கள் என்று யாருமில்லாமல் வளர்ந்த பதினாறு வயது மைல்ஸ், அலபாமாவின் கல்வர் க்ரீக் என்ற விடுதிப் பள்ளியில் சேர்கிறான். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பான். அவர்கள் சாகும்போது கடைசியாக என்ன சொன்னார்கள் என்பதை மனப்பாடம் செய்து வைத்திருப்பான். அறைத் தோழன் சிப் மார்ட்டினுக்குப் பட்டப்பெயர் கர்னல். உதவித்தொகையில் படிக்கும் ஏழைப் பையன். ஒல்லிக்குச்சியான மைல்ஸுக்கு அவன் குண்டன் என்ற பொருளில் ‘பட்ஜ்’ என்று பெயர் வைக்கிறான். இவர்களோடு டகுமி, ருமேனியாவிலிருந்து வந்த லாரா, பிறகு அலாஸ்கா யங். பழைய புத்தகங்களை வாங்கி அறை முழுக்க அடுக்கி வைத்து, வாழ்நாளில் படித்து முடிப்பேன் என்பவள். சிரிப்பாள், குடிப்பாள், காரணம் சொல்லாமல் கோபித்துக்கொள்வாள். மைல்ஸ் அவளைக் காதலிக்கிறான். அவளுக்கு வேறு ஊரில் காதலன் இருக்கிறான்.

ஓர் இரவு குடித்திருக்கும்போது அலாஸ்காவும் மைல்ஸும் முத்தமிடுகிறார்கள். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. பேசிவிட்டு வந்தவள் அழுதுகொண்டே, நான் இப்போதே போக வேண்டும், பொறுப்பாளரின் கவனத்தைத் திருப்புங்கள் என்று கெஞ்சுகிறாள். மைல்ஸும் கர்னலும் பட்டாசு வெடித்து அவர் கவனத்தைத் திருப்புகிறார்கள். அவள் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். நெடுஞ்சாலையில் குறுக்கே கிடந்த ஒரு லாரிக்கு அருகே விளக்கு சுழல நின்றிருந்த போலீஸ் காரில் நேராக மோதி இறந்துபோகிறாள். அவள் குடித்திருந்தது இவர்களுக்குத் தெரியும். அழுதுகொண்டிருந்ததும் தெரியும். ஏன் தடுக்கவில்லை?

இந்த நாவலை நட்பும் முதல் காதலும் துயரமும் கலந்த கதை என்று அறிமுகம் செய்வது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் காதல் இதில் ஒரு வாசல் மட்டுமே. உள்ளே போனால் இருப்பது உடந்தை. தெரிந்தே கதவைத் திறந்துவிட்டவர்கள் அதன்பிறகு எப்படிச் சோறு தின்பார்கள், எப்படித் தூங்குவார்கள், எப்படிப் பரீட்சை எழுதுவார்கள் என்பதுதான் இந்த நூலின் மெய்யான பொருள். அந்தப் பொருளை அது எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறது என்பதைக் கொண்டே இதை நிறுக்க வேண்டும்.

முதலில் அமைப்பு. நாவலுக்கு இரண்டு பாகங்கள்: முன், பின். அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. நாள் கணக்குதான் தலைப்பு. நூற்று முப்பத்தாறு நாட்களுக்கு முன் என்று தொடங்கி, படிப்படியாகக் குறைந்து, முந்தின நாள் வரை வந்து, பிறகு மறுநாளிலிருந்து ஏறி, நூற்று முப்பத்தாறு நாட்களுக்குப் பின் முடிகிறது. எதற்கு முன் என்று முதல் பாகம் சொல்வதில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலை அடுத்த நாட்களில் எல்லோரும் காலத்தையே முன், பின் என்று இரண்டாகப் பிளந்து பேசியது இந்த அமைப்புக்குத் தூண்டுதல் என்று கிரீன் சொல்லியிருக்கிறார்.

இதில் ஓர் அசல் அவதானிப்பு இருக்கிறது. நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் இப்படித்தான் எண்ணுவார்கள். போன தீபாவளிக்கு இருந்தான், அதற்கு இன்னும் எழுபது நாள் இருந்தது, அப்போது யாருக்காவது தெரியுமா என்று விரல் மடக்குவார்கள். என் கல்லூரித் தோழன் ஒருவன் போனபின் நானும் மடக்கியிருக்கிறேன். நடந்துகொண்டிருந்தபோது சாதாரணமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பின்னால் வந்த சாவு தொட்டவுடன் கனமாகிவிடுகிறது. ஆகவே இந்த எண்களை மைல்ஸ் பின்னாலிருந்து போட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டால் அவை துக்கத்தின் கணக்கு, மனசாட்சியின் கணக்கும்கூட.

ஆனால் வாசிக்கும்போது அவை அப்படி வேலை செய்வதில்லை. முதல் தடவை படிப்பவருக்கு எதை நோக்கி எண்ணுகிறோம் என்பதே தெரியாது. அவருக்கு அது ஏவுகணை விடும் எண்ணிக்கை. பக்கத்தைத் திருப்பவைக்கும் உத்தி. அலாஸ்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பேசும் ஒரு மாலையைக்கூட, அந்த மாலைக்காக நாம் படிப்பதில்லை. அடுத்து வரப்போகும் எதற்கோ துப்பாகப் படிக்கிறோம். ஒரு பெண் உயிரோடு இருக்கும் பாதி நாவல் முழுவதும் அவள் இறப்பின் முன்னறிவிப்பாக மாறிவிடுகிறது. இரண்டாவது வாசிப்பில்தான் அந்த எண்கள் வலிக்கின்றன. ஒரு நாவல் தன் அமைப்பின் நியாயத்தை இரண்டாம் வாசிப்புக்குத் தள்ளிவைக்கலாமா? தள்ளிவைக்கலாம், ஆனால் பதினைந்து வயதில் ஒரே ஒரு தடவை படித்துவிட்டுப் போகும் வாசகருக்காக எழுதப்பட்ட நூலில் அது ஆபத்தான பந்தயம். இங்கே பாதி வென்று பாதி தோற்றிருக்கிறது.

இந்த நூலின் மேல் அதிகம் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு அலாஸ்காவைப் பற்றியது. சோர்ந்த ஆணுக்கு வாழ்க்கையைக் கற்றுத்தரவே படைக்கப்பட்ட துடுக்குத்தனமான பெண் பாத்திரங்களுக்கு 2007இல் நேத்தன் ராபின் என்ற திரைப்பட விமர்சகர் ஒரு பெயர் வைத்தார்: மேனிக் பிக்ஸி ட்ரீம் கேர்ள். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டு, 2014இல் அவரே அதைத் திரும்பப் பெற விரும்பும் அளவுக்குப் போனது. அலாஸ்காவின் நெற்றியிலும் அது ஒட்டப்பட்டது. ஒட்டியவர்கள் முழுக்கத் தவறு என்று சொல்ல முடியவில்லை. மைல்ஸ் அவளைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய உடலை முதலில் பார்க்கிறான், பிறகு அவளுடைய மர்மத்தை. தான் தூறல் என்றால் அவள் பெரும்புயல் என்ற கணக்கில் தன்னை அவளோடு வைத்து அளக்கிறான். புயலோடு யாரும் உட்கார்ந்து பேச முடியாது. அதைத் தூரத்திலிருந்து வியக்கத்தான் முடியும்.

ஆனால் நூலைக் கூர்ந்து பார்த்தால் ஆசிரியர் மைல்ஸ் அளவுக்கு ஏமாறவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. நண்பர்கள் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள்: அவரவர் வாழ்வின் மிகச் சிறந்த நாளையும் மிக மோசமான நாளையும் சொல்ல வேண்டும். கர்னல் தன் சிறந்த நாள் இன்னும் வரவில்லை என்கிறான்; அம்மாவுக்கு ஒரு பெரிய வீடு வாங்கித் தரப்போகும் நாள்தான் அது. அலாஸ்காவின் முறை வருகிறது. எட்டு வயதில் அம்மாவோடு உயிரியல் பூங்காவுக்குப் போன நாள் சிறந்த நாள். அடுத்த நாள் மோசமான நாள். மூளை ரத்தக்குழாய் வெடித்து அம்மா வீட்டில் விழுகிறார். குழந்தை பயந்து, அவசர எண்ணுக்கு அழைக்காமல், அம்மா அருகிலேயே உட்கார்ந்திருக்கிறது. வீடு திரும்பிய அப்பா, ஏன் அழைக்கவில்லை என்று கத்துகிறார். இதைக் கேட்டபின் அலாஸ்காவின் துடுக்குத்தனம், குடி, திடீர்க் கோபம் எல்லாம் வேறாகத் தெரிகின்றன. தன்னைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் சொந்த அறைத்தோழியைக் காட்டிக்கொடுத்ததும் புரிகிறது; திரும்பிப் போக அவளுக்கு வீடு என்று ஒன்று இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மைல்ஸ் அதன் பிறகும் அவளை ஒரு புதிராகவே பார்க்கிறான். அங்கேதான் நாவல் அவனைக் கண்டிக்கிறது. அவள் தன் துன்பத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்த பிறகும், நண்பர்கள் அதைக் கதையாகக் கேட்டார்கள். கை நீட்டிப் பிடிக்கவில்லை. கடைசி இரவு அவளைப் போகவிட்டது அந்த ஒரு நிமிடத்தின் தவறல்ல, அதற்கு முந்தின நூறு நாட்களின் பழக்கம் என்பதை வாசகர் மெல்லப் புரிந்துகொள்கிறார். இது மிக நுட்பமான எழுத்து. குறை என்னவென்றால், இந்தக் கண்டனம் முழுக்கத் தொகுத்துப் பார்க்கும் வாசகரின் வேலையாக விடப்பட்டிருக்கிறது. முதல் பாகத்தின் மொழி முழுவதும் மைல்ஸின் மயக்கத்தோடு சேர்ந்து மயங்குகிறது. மயக்கத்தின் இன்பத்தை நூற்றுக்கணக்கான வரிகளில் கொடுத்துவிட்டு, மயங்கியது பிழை என்பதைச் சில வரிகளில் சொன்னால் எது மனதில் நிற்கும்? கிரீன் 2008இல் எழுதிய ‘பேப்பர் டவுன்ஸ்’ நாவலில் இந்தப் பிழையையே கருவாக்கினார்; ஒரு பெண்ணை அதிசயமாகப் பார்ப்பதும் அவளை மனுஷியாகப் பார்க்க மறுப்பதும் ஒன்றே என்று அங்கே நேரடியாகவே எழுதினார். இங்கே விட்டது அவருக்கும் உறுத்தியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

2019இல் ஹுலு என்ற இணையவழி ஒளிபரப்புத் தளம் இந்த நாவலை எட்டுப் பகுதித் தொடராக எடுத்தபோது, மைல்ஸ் இல்லாத அறைகளில் அலாஸ்கா என்ன செய்கிறாள் என்பதைக் காட்டியது. அவள் தனியாக அழும்போது நாம் உடன் இருக்கிறோம். அது அவளுக்கு நியாயம் செய்தது. ஆனால் அவளை நாம் முழுக்க அறிந்துவிட்டால், அவளை அறியாமல் போனோமே என்ற மைல்ஸின் வேதனை நம்முடையதாக ஆவதில்லை. ஆகவே அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது நாவலின் பிழை அல்ல. அந்தக் கண்ணைப் போதுமான அளவு சந்தேகிக்காததுதான் பிழை.

லாராவின் விஷயத்தில் இப்படி இரண்டு பக்கமும் பேச எனக்கு மனமில்லை. மைல்ஸின் காதலியாக இருப்பவள் அவள்தான். அலாஸ்காவை அவன் முத்தமிடும் இரவில் லாராவும் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறாள், அவன்மேல் நம்பிக்கையோடு. சாவுக்குப் பிறகு அவன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறான். அவளும் ஒரு தோழியை இழந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தோன்றவே வெகுநாள் ஆகிறது. இருபது வயதில் முதல்முறை படித்தபோது நான் அலாஸ்காவுக்காக அழுதேன். லாராவைக் கவனிக்கவே இல்லை. அண்மையில் படித்தபோது லாரா பேசும் ஒவ்வொரு வரியிலும் நின்றேன். அவளுக்கென்று நாவல் தந்திருப்பது ஓர் உச்சரிப்பு. ஆங்கிலக் குற்றெழுத்தை நெடிலாக இழுத்துப் பேசுவாள் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் எழுத்துக்கூட்டிக் காட்டுகிறார்கள். ஒரு புலம்பெயர்ந்த பெண்ணின் முழு உள்ளத்தையும் ஒரு நெடிலுக்குள் அடக்கிவிட்டது பெரிய அநியாயம். மைல்ஸ் அவளை அலட்சியப்படுத்துவது பாத்திரத்தின் குறை. நாவலும் அவளை அலட்சியப்படுத்துவது படைப்பின் குறை. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிக்க கிரீன் முயலவே இல்லை.

நட்பில் நாவல் வேறு உயரத்துக்குப் போகிறது. கர்னலை நினைத்தாலே எனக்கு இந்த நூலின் மேல் உள்ள கோபமெல்லாம் பாதி தணிந்துவிடும். டிரெய்லர் வீட்டில் தனியாக வளர்த்த அம்மாவின் மகன். வார இறுதியில் பெரிய வீடுகளுக்குக் கிளம்பிப் போகும் பணக்காரப் பையன்களை மனதார வெறுப்பவன். நாடுகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்தவன். அறிவும் வறுமையும் சேர்ந்த ஒரு பையனின் தற்காப்பு எப்படி இருக்கும் என்பது துல்லியமாக வந்திருக்கிறது. சாவுச் செய்தி கேட்டதும் அவன் மன்னிப்புக் கேட்டுக் கத்துகிறான், யாரிடம் என்றே தெரியாமல். சில நாள் கழித்து ஒரு வார்த்தை சொல்லாமல் கால் ஓயும்வரை நடந்துபோய்த் திரும்புகிறான். பிறகு மைல்ஸோடு சண்டை. அவள் உன்னைக் காதலித்தாளா என்பதைத் தவிர வேறு எதிலும் உனக்கு அக்கறை இல்லை, அவள் செத்துப்போனதுகூட உன்னைப் பற்றிய செய்தி என்றே நீ நினைக்கிறாய் என்ற பொருளில் அவன் சீறும் இடம் இந்த நாவலின் நெற்றிக்கண். ஆசிரியர் நேராகச் சொல்லத் தயங்கியதைக் கர்னலின் வாய் சொல்லிவிடுகிறது.

அவன் அலாஸ்காவின் மேலும் கோபப்படுகிறான். இறந்தவர்மேல் கோபப்பட இந்த நூல் அனுமதி கொடுக்கிறது. இளையோருக்கான நூல்களில் இது எளிதில் கிடைக்காத அனுமதி. நம் ஒப்பாரியில் அது இயல்பாகவே உண்டு. பிணத்தின் முன் உட்கார்ந்து, என்னை இப்படி நடுத்தெருவில் விட்டுப் போக உனக்கு எப்படி மனம் வந்தது என்று மாரடித்துக்கொண்டே திட்டும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அன்பும் வசையும் ஒரே மூச்சில் வருவது புதிதில்லை. கல்வர் க்ரீக் பையன்களுக்கு அழவும் மரபில்லை, திட்டவும் மரபில்லை. ஆகவே அவர்கள் துப்பறிகிறார்கள்.

இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி அந்தத் துப்பறிதல்தான். அது விபத்தா, அவளாகத் தேடிக்கொண்ட சாவா? விபத்து நடந்த இடத்தில் இருந்த போலீஸ்காரரிடம் பேசுகிறார்கள். அவள் காரைத் திருப்ப முயலவே இல்லை என்பது தெரிகிறது. அவள் உடலில் இருந்த மதுவின் அளவை அறிந்து, அந்த நிலையில் ஒருவருக்கு எதிரே நிற்கும் கார் தெரியுமா என்று பார்க்கக் கர்னல் தானே குடித்துப் பார்க்கிறான். அலாஸ்காவின் காதலனை அழைத்துக் கேட்கிறார்கள். அந்தத் தொலைபேசிப் பேச்சின்போது அவள் ஒரு பூவைக் கிறுக்கிக்கொண்டிருந்தாள் என்ற சிறு விவரத்திலிருந்து, அன்று அம்மா இறந்த நாள், அதை மறந்துவிட்டேனே என்ற பதற்றத்தில்தான் அவள் ஓடினாள் என்பதைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அம்மாவுக்கு உதவி கேட்டு அழைக்காத குழந்தை, வளர்ந்து அம்மாவின் நினைவுநாளையும் மறந்துவிட்டது. இரண்டாம் தடவையும் தவறிவிட்டோம் என்று அவள் நினைத்திருப்பாள்.

நான் மிகவும் மதிக்கும் முடிவு இதன் பிறகு வருகிறது. இவ்வளவு துப்பும் கையில் இருந்தும் விடை கிடைப்பதில்லை. கல்லறைக்குப் பூக்களோடு விரைந்தாளா, வழியில் போதும் என்று தோன்றிவிட்டதா, குடிமயக்கத்தில் கண் மறைத்ததா, மூன்றும் சேர்ந்ததா? தெரியாது. கடைசிச் சொற்களைச் சேகரித்த பையனுக்கு, தான் நேசித்தவளின் கடைசிச் சொல் என்னவென்று தெரியாமலே போகிறது. பெரிய மனிதர்கள் படுக்கையைச் சுற்றி ஆட்கள் நிற்க, யாரோ குறித்துவைக்கச் செத்துப்போனார்கள். இவள் இருட்டில், காருக்குள் தனியாக. மைல்ஸின் முழுப் பொழுதுபோக்கும் ஒரு பொய் என்பதை ஒரே அடியில் காட்டிவிடுகிறது இந்த நாவல். ஒரு வாழ்வை அதன் கடைசி வரியைக் கொண்டு படித்துவிடலாம் என்ற பொய் அது.

காதரின் பேட்டர்சனின் ‘பிரிட்ஜ் டு டெரபிதியா’வை (1977) இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அது இன்னும் சிறியவர்களுக்கான நூல். ஜெஸ் என்ற பையன் தன் ஆசிரியையோடு அருங்காட்சியகம் போகும் நாளில், தோழி லெஸ்லியையும் கூப்பிட்டிருக்கலாம்; கூப்பிடவில்லை. அன்றுதான் கயிறு அறுந்து அவள் ஓடையில் இறந்துபோகிறாள். அவனுடைய குற்றவுணர்வைப் பேட்டர்சன் எந்த விசாரணையும் இல்லாமல், கிட்டத்தட்ட ஓசையே இல்லாமல் எழுதினார். கிரீனிடம் அந்த அமைதி இல்லை. ஆனால் ஜெஸ்ஸின் குற்றம் கற்பனைக் குற்றம். மைல்ஸின் குற்றம் நிஜம். பட்டாசு அவன் கையால் வெடித்தது. நிஜமான குற்றத்தை ஓர் இளைஞன் சுமப்பதை எழுதுவது அதிகக் கடினம், கிரீன் அதற்குத் துணிந்தார். அந்தத் துணிவுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். அலாஸ்கா தன் புத்தகம் ஒன்றின் ஓரத்தில், துன்பத்தின் புதிர்வழியிலிருந்து வெளியேற நேராகவும் வேகமாகவும் போவதே வழி என்ற பொருளில் குறித்து வைத்திருக்கிறாள். அந்தப் புத்தகம், எழுத்தாளர் மார்க்கேஸ் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் இறுதி நாட்களைப் பற்றி எழுதிய நாவல். அந்தக் குறிப்பு அவள் சாவுக்குப் பிறகு மைல்ஸின் கையில் கிடைக்கிறது. பதினாறு வயதில், வாழ்வு கசந்த ஓர் இரவில் இதைப் படிப்பவருக்கு அந்த வரி கவிதையாகத் தெரியக்கூடும். நாவல் அதை மறுக்கிறது என்பது உண்மை. கர்னலும் மைல்ஸும் ஆளுக்கொரு விதத்தில் அதைத் தள்ளிவிட்டு, புதிர்வழிக்குள்ளேயே இருந்து வாழ்வதைத் தேர்கிறார்கள். என்றாலும் ஒரு வரியின் மினுக்கு வேகமாகப் பாயும். அதற்கான மறுப்பு அதன் பின்னால் மெதுவாகவே வரும். இதைப் பதின்பருவத்தினர் கையில் கொடுப்பவர், கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் கூடவே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நூலுக்குத் தடை கேட்டவர்களின் கவலை அது அல்ல. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி 2015இல் அந்த நாட்டில் மிக அதிகமான எதிர்ப்பைச் சந்தித்த புத்தகம் இதுதான். பெரும்பாலும் ஒரு பாலியல் காட்சிதான் காரணம். அந்தக் காட்சியில் மைல்ஸும் லாராவும் இருக்கிறார்கள். ஒன்றும் தெரியாத இரண்டு பிள்ளைகளின் தடுமாற்றம், குளிர்ந்த, விலகிய மொழியில் எழுதப்பட்டது. சில பக்கங்கள் கழித்து வரும் அலாஸ்காவின் முத்தத்தில் உடல் குறைவு, மனம் அதிகம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் உடலின் நெருக்கமும் மனத்தின் நெருக்கமும் வேறு வேறு என்ற பாடம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக் காட்டியவர்கள் அடுத்த பக்கத்தைப் படிக்கவில்லை.

இனி டாக்டர் ஹைட். ஒற்றை நுரையீரலோடு மூச்சுவாங்கி வகுப்புக்கு வரும் முதிய ஆசிரியர். இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம் மூன்றையும் சமமான மரியாதையோடு கற்பிக்கிறார். துன்பம் ஏன், இறந்தபின் என்ன என்ற கேள்விகளைப் பதின்பருவத்தினர் முன் நேராக வைக்கலாம் என்ற நம்பிக்கை இந்த வகுப்பறைக் காட்சிகளில் இருக்கிறது. அதற்காக கிரீனுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததற்காக மைல்ஸை அவர் வெளியே அனுப்பும் காட்சியில் அவர் உயிருள்ள மனிதர். சாவுக்குப் பிறகோ, நாவலின் கருத்துகளைச் சுமந்து வரும் வண்டியாகி விடுகிறார். அலாஸ்கா எழுப்பியிருந்த கேள்வியையே ஆண்டிறுதித் தேர்வுக் கேள்வியாக வைக்கிறார்: துன்பத்தின் புதிர்வழியிலிருந்து நீ எப்படி வெளியேறுவாய்?

மைல்ஸ் எழுதும் விடைத்தாளோடு நாவல் முடிகிறது. அதில் அவன் மன்னிக்கிறான். அவளும் தன்னை மன்னித்திருப்பாள் என்கிறான். ஒரு மனிதரின் ஏதோ ஒரு பகுதி அழியாது, ஆற்றல் அழியாததுபோல என்கிறான். கடைசியாக எடிசன் சாகும்போது சொன்னதாக வழங்கும் சொற்களை எடுத்துச் சொல்லி, அவள் இருக்கும் இடம் அழகாக இருக்கட்டும் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறான். வரிகள் அழகானவை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவற்றை நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். எனக்கு அந்த அழகுதான் பிரச்சினை. கடைசிச் சொல் என்று ஒன்று இல்லை என்பதை அலாஸ்காவின் மௌனத்தால் நிரூபித்த நாவல், கடைசிச் சொல் ஒன்றோடு முடிகிறது. சேகரிப்பாளன் தன் சேகரிப்புக்கே திரும்பிவிட்டான். அலாஸ்காவின் காலியிடத்தை எடிசன் நிரப்புகிறார். மன்னிப்பு என்பது பெறுபவர் கேட்கவும் கொடுப்பவர் தரவும் வேண்டியது. இங்கே இறந்தவளின் பங்கையும் உயிரோடிருப்பவனே எழுதிக்கொள்கிறான். ஆறுதல் வேண்டியதுதான், பதினேழு வயதுப் பையனுக்கு நிச்சயம் வேண்டியதுதான். ஆனால் அதைத் தேர்வுத்தாளின் முழுமையோடு, மதிப்பெண் வாங்கும் முடிவுரையாகத் தந்ததில் அந்த விளையாட்டரங்கின் காலை பொய்த்துப்போகிறது.

அதற்குச் சற்று முன்பே நாவல் முடிந்திருந்தால் என்று யோசிக்கிறேன். கோடை விடுமுறைக்கு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் டகுமி ஒரு கடிதத்தை விட்டுவிட்டுப் போகிறான். அந்த இரவு வாகன நிறுத்துமிடத்தில் அலாஸ்காவை அவனும் பார்த்திருக்கிறான். அவள் கையில் வெள்ளைப் பூக்கள் இருந்தன. அம்மாவின் நினைவுநாள் என்று அவனிடமே சொல்லியிருக்கிறாள். அவனும் தடுக்கவில்லை. மைல்ஸும் கர்னலும் வாரக்கணக்காகத் துக்கத்தைத் தங்கள் சொத்துபோல் பூட்டிவைத்துக்கொண்டு, டகுமியையும் லாராவையும் வெளியே நிறுத்தித் தேடிக்கொண்டிருந்த உண்மை, அவர்களுடன் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் அவனிடம் கேட்கவில்லை. அலாஸ்காவை எப்படிக் கேட்காமல் விட்டார்களோ, அதேபோல் டகுமியையும் கேட்காமல் விட்டார்கள். நட்பு, குற்றம், துயரம் மூன்றும் ஒரு மடித்த தாளில் அடங்கிவிட்ட இடம் அது. அந்தக் கடிதம் எழுதிய கையில் முதிர்ந்த நாவலாசிரியர் ஒருவர் இருக்கிறார். அதற்கடுத்த விடைத்தாளை எழுதியது இருபத்தெட்டு வயதுக்குள் எல்லாவற்றுக்கும் பதில் தேடிய ஓர் இளைஞர்.

என் முடிவைச் சொல்கிறேன். ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’ காதல் கதையாகச் சுமாரானது, ஒரு பெண்ணின் சித்திரமாகப் பாதியில் நின்றது, லாராவுக்குச் செய்தது அநீதி, முடிவு பலவீனம். உயிர்பிழைத்தவரின் குற்றவுணர்வைப் பற்றிய நாவலாகவோ, எனக்குத் தெரிந்த இளையோர் நூல்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது. இந்த இரண்டாவது கணக்கு முதலாவதைவிடக் கனமானது என்பதால் இதைப் படிக்கச் சொல்கிறேன், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட யாரிடமும். படித்து முடித்தவர், டகுமியின் கடிதம் வரும் பக்கத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய், அதன் முன் அவன் பேசிய இடங்களையெல்லாம் தேடிப் பார்க்கட்டும். அவன் பலமுறை ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறான்.